‘ஆச்சி வீட்டு உறவுகள்’ வாட்ஸ்அப் குழு: மீனா கல்யாணத்துக்கு 11 நாள்

மீனா: மேக்கப் போட வரும் அக்கா கேட்கிறார்கள். வரவேற்புக்குக் கண்ணில் கிரே லென்ஸா, தேன் நிறமா? இன்றைக்கே சொல்ல வேண்டுமாம்.

கார்த்திக்: பூனைக் கண்.

கோமதி அத்தை: வேண்டாம் தாயே. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஓமச் சூட்டில் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிக்கொண்டதாம்.

பெரியப்பா: (படம்: இனிய காலை வணக்கம்)

கார்த்திக்: பெரியப்பா, இரவு ஒன்பது மணி.

செல்வம் மாமா: மதினி, இந்தக் கதையை 27 வருடமாக என் கண்ணாடிக் கடையில் கேட்கிறேன். தெரு மட்டும்தான் மாறும். லென்ஸ் உருகுகிற சூடு என்றால் முதலில் முகம் வெந்துவிடும். ஆனால் புகை உறுத்தும், கண் சிவக்கும். அதனால் முகூர்த்தத்துக்கு வேண்டாம், வரவேற்போடு சரி. மீனா, லென்ஸ் எங்கே வாங்குகிறாய்?

மீனா: வாங்கவில்லை மாமா. அவர்களிடமே ஒரு ஜோடி இருக்கிறது. வாடகை 500. ஒரே தடவை போட்டதாம், கழுவி வைத்திருக்கிறார்கள்.

செல்வம் மாமா: எதில் கழுவினார்கள்?

மீனா: கேட்கவில்லை.

அம்மா: ஆரம்பித்துவிட்டான்.

செல்வம் மாமா: அக்கா, பல் துலக்கும் பிரஷை வாடகைக்கு எடுப்பாயா? ஒருத்தி கண்ணில் கிடந்ததை இன்னொருத்தி போடவே கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தால் இன்னும் மோசம். அகாந்தமீபா என்று ஓர் உயிரி தண்ணீரில் இருக்கிறது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் போனால் மாதக்கணக்கில் மருந்து ஊற்ற வேண்டும், பார்வையே போனாலும் போகும். கிணறு, ஆறு, கேன் தண்ணீர், எதுவும் லென்ஸில் படக் கூடாது.

பெரியப்பா: தாமிரபரணியைக் குறை சொல்லாதே.

செல்வம் மாமா: நீங்கள் தாராளமாகக் குளியுங்கள் அத்தான். லென்ஸைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள் என்கிறேன்.

பெரியப்பா: எனக்கு ஏது லென்ஸ்?

கார்த்திக்: மாமா, லென்ஸ் நழுவிக் கண்ணுக்குப் பின்னால் போய்விட்டால்?

செல்வம் மாமா: போகாது. இமையின் உள்தோல் மடங்கி வெள்ளைவிழியோடு சேர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் வழியே இல்லை.

கோமதி அத்தை: பந்திக்கு அப்பளம் யார் பொறுப்பு?

பெரியப்பா: சமையல்காரர். பத்திரிகை யார் பொறுப்பு என்றுதான் இன்னும் தெரியவில்லை.

செல்வம் மாமா: அதை விடுங்கள் அத்தான். தாய்மாமன் பெயர் தானாகவே கடைசி வரிக்கு இறங்கிவிட்டது.

அம்மா: மறுபடியுமா?

மீனா: மாமா, லென்ஸ்.

செல்வம் மாமா: வருகிறேன். கருவிழியின் வளைவு ஆளுக்கு ஆள் வேறு. அதற்குப் பொருந்தாத லென்ஸ் உரசும், கண்ணுக்குக் காற்றும் சரியாகப் போகாது. அளவு எடுக்காமல் என் கடையில்கூடத் தரமாட்டேன். தவிர, அந்த அம்மாவிடம் இருப்பது பவர் இல்லாத லென்ஸாகத்தான் இருக்கும். உனக்கு மைனஸ் 2.5. மேடையில் மொய்க் கவர் நீட்டுவது யார் என்றே தெரியாது.

கோமதி அத்தை: மைனஸா? மீனா கண்ணாடி போடுவாளா?

அம்மா: கம்ப்யூட்டர் பார்க்கும்போது மட்டும் மதினி.

செல்வம் மாமா: எப்போதும் போட வேண்டியது அக்கா. நான்தானே செய்துகொடுத்தேன்.

கோமதி அத்தை: ஓஹோ. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவருடைய சித்தப்பாவிடம் முதல் காபியை நீட்டினாளே, அது இதனால்தானா? மரியாதை தெரிந்த பெண் என்று அவர்கள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கார்த்திக்: நான் வெளியே போகிறேன்.

மீனா: அவரிடம் முதல் வாரமே சொல்லிவிட்டேன் அத்தை. சிரித்தார்.

செல்வம் மாமா: நம்முடைய கறுத்த கண்ணில் மெல்லிய சாயம் எடுபடாது. நிறம் அடர்த்தியாக அச்சிட்ட லென்ஸ்தான் தெரியும். அதில் கண் பாப்பாவுக்கு, அதாவது நடுவில் வெளிச்சம் உள்ளே போகும் துளைக்கு, நேரே மட்டும் நிறம் இருக்காது. வெளிச்சம் குறைந்தால் பாப்பா விரியும், நிறம் குறுக்கே வந்து பார்வை மங்கும். இருட்டில் படி இறங்கும்போது கார்த்திக் கையைப் பிடித்துக்கொள். பவரோடு தினசரி லென்ஸ் ஒரு ஜோடி போதும், அன்றைக்குப் போட்டு அன்றைக்கே எறிந்துவிடலாம். மாத லென்ஸ் என்றால் தினமும் அதற்கான திரவத்தில் தேய்த்து அலச வேண்டும், டப்பாவில் பழைய திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். கல்யாண வீட்டில் யார் செய்வார்கள்? கையைச் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு லென்ஸ், அதன் பிறகுதான் மை. இரவில் முதலில் லென்ஸைக் கழற்று, பிறகு மேக்கப். எவ்வளவு அசதி என்றாலும் போட்டபடியே தூங்காதே. வலித்தாலோ சிவந்தாலோ கழற்றிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போ.

பெரியப்பா: 👍

அம்மா: இவ்வளவையும் யார் படிப்பது?

செல்வம் மாமா: வியாழக்கிழமை தென்காசிக்கு வரச் சொல். டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். இரண்டு நிறத்தையும் போட்டுப் பார்க்கட்டும்.

அம்மா: வியாழன் பிளவுஸ் அளவு.

மீனா: வெள்ளி?

கோமதி அத்தை: வெள்ளி காலை ராகுகாலம். கிரே மட்டும் வேண்டாம், பேய் மாதிரி இருக்கும்.

கார்த்திக்: ஆச்சி கேட்கிறாள், இருக்கிற கண்ணுக்கு என்ன குறை என்று.

மீனா: ஆச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன். மேக்கப் அக்காவுக்கு இப்போது என்ன சொல்வது?

பெரியப்பா: வேனுக்கு எத்தனை பேர்?

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

கோமதி அத்தை: நீக்கும் முன்பே படித்துவிட்டேன் சாந்தி.