பண்பாடு, அரசு, பொருளாதாரம் மூன்றும் அடையாளத்தை உருவாக்குவதை 9-ஆம் வகுப்பில் நடத்துவது எப்படி?

சூளகிரி டீச்சர்:

வணக்கம். சூளகிரி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி. 9-ஆம் வகுப்பில் 38 பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று வீட்டு மொழிகள் நான்கு. வேலைக்கு வந்த ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் 3 பேர்.

ஒரு நாட்டின் பண்பாடும் அரசும் பொருளாதாரமும் அங்குள்ளவர்களின் அடையாளத்தை எப்படி உருவாக்குகின்றன என்பதை 40 நிமிடப் பாடவேளை ஆறில் நடத்தி முடிக்க வேண்டும். சார்ட் செய்யச் சொன்னால் மூன்று கட்டம் போட்டு வருகிறார்கள். முதல் கட்டத்தில் வேட்டி, பொங்கல், பரதநாட்டியம். இரண்டாவதில் முதல்வர், பிரதமர் படம். மூன்றாவதில் ரூபாய் நோட்டு. அடையாளம் என்ற சொல் தலைப்பில் மட்டும் நிற்கிறது. மூன்றையும் எப்படி இணைப்பது? ஒப்பிட எந்த நாட்டை எடுக்கலாம்? "நீ யார்?" என்று கேட்டால் சாதியில் போய் முடியுமோ என்ற கவலையும் இருக்கிறது.

காவேரிப்பட்டணம் சமூக அறிவியல்:

டீச்சர், அந்த மூன்று கட்டம்தான் சிக்கலே. கட்டத்தைக் கண்டால் பிள்ளைகள் நிரப்பத்தான் பார்ப்பார்கள். ஒன்று இன்னொன்றை எப்படி மாற்றியது என்று கேட்க அதில் இடமில்லை. நாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக்கும் ராகியை விடப் பொருத்தமான பொருள் கிடையாது.

முதல் பாடவேளைக்கு ஒரு கிண்ணத்தில் ராகி, ஒரு கிண்ணத்தில் ரேஷன் அரிசி. நான்கு கேள்விகள் போதும். இதை வீட்டில் எப்போது, எப்படிச் சாப்பிடுகிறோம்? இதை யார் கொடுக்கிறார்கள், யார் விலை வைக்கிறார்கள்? யார் விளைவித்து எங்கே விற்கிறார்கள்? இதைச் சாப்பிடுகிறவர்களை ஊர் என்னவாகப் பார்க்கிறது? நான்காவது கேள்வியில்தான் அடையாளம் வருகிறது. அதை முதலிலேயே கேட்டுவிட்டால் "ஆரோக்கியமானவர்கள்" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் கடைசியில் கேளுங்கள்.

பதில்களைக் கரும்பலகையில் காலவரிசையில் எழுதுங்கள். வானம் பார்த்த மேட்டு நிலத்தில் விளைந்தது ராகி, அதனால் அன்றாடம் களி, விருந்துக்குத்தான் நெல்லுச்சோறு. ரேஷன் அரிசி 2008-ல் கிலோ 1 ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூன் முதல் இலவசமானது. சோறு அன்றாடமாக ஆக, களி பெரியவர்கள் சாப்பாடு என்று ஒதுங்கியது. அதன்பிறகு சர்க்கரை நோய் பயத்தில் நகரத்துக்காரர்கள் ராகியைத் தேடினார்கள், ராகி மாவு பாக்கெட்டில் ஏறியது. 2023-ல் அரசே தருமபுரியிலும் நீலகிரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. தானியம் அதேதான். அரசின் முடிவும் சந்தையும் மாற மாற, அதைச் சாப்பிடுகிறவரின் மதிப்பும் மாறியிருக்கிறது. இதைப் பிள்ளைகளே சொல்லும் வரை காத்திருங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது பாடவேளைக்கு "நகராத வீடு". 3 மீட்டர் கயிற்றைச் சுவரில் கட்டுங்கள். இடது முனை 1950, வலது முனை 2025, ஒரு வருடத்துக்கு 4 செ.மீ. கிருஷ்ணகிரி பக்கம் 1950-ல் பிறந்த ஒரு பாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், வீடு மாறவே இல்லை. பிறந்தபோது சேலம் மாவட்டம், சென்னை மாநிலம். 60 செ.மீ.-ல் (2.10.1965) தருமபுரி மாவட்டம். 76 செ.மீ.-ல் (14.1.1969) மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. 216 செ.மீ.-ல் (9.2.2004) கிருஷ்ணகிரி மாவட்டம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டைக் கிளிப் போட்டு மாட்டி, "பாட்டிக்கு எது மாறியது, எது மாறவில்லை?" என்று கேளுங்கள். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊர், சான்றிதழில் வரும் பெயர் மாறின. வீட்டு மொழி, குலதெய்வம் மாறவில்லை.

கயிற்றுக்கு வெளியே, இடது முனையில் இருந்து 6.32 மீட்டர் தள்ளி, வராந்தாவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: 1792. அந்த வருட உடன்படிக்கையில்தான் திப்பு சுல்தானிடம் இருந்து பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கேதான் விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். "பட்டா யார் பேரில்?" என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு வேர் அங்கே இருக்கிறது. வரி வாங்குவதற்கான ஏற்பாடு, காலப்போக்கில் ஒரு மனிதன் தன்னைப் "பட்டாதாரன்" என்று சொல்லிக்கொள்ளும் பெருமையாக ஆகிவிட்டது. அரசு அடையாளத்தைச் செய்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

ஓசூர் வாசகர்:

ராகி, கயிறு இரண்டும் அருமை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பாடத்தில் கேட்கும் "நாடு" வராது, பிள்ளைகளும் இதை ஊர் வரலாறு என்று நினைத்துவிடுவார்கள். மூன்றாவது, நான்காவது பாடவேளைகளில் வெளியே போயே ஆக வேண்டும். ஜப்பான், அமெரிக்கா எல்லாம் எடுத்தால் பிள்ளைகளுக்குப் பிடிமானம் இருக்காது. தமிழர்களும் வாழும் இரண்டு நாடுகளை எடுங்கள். பண்பாட்டில் ஓரளவு ஒற்றுமை இருப்பதால் அரசும் பொருளாதாரமும் செய்யும் வேலை பளிச்சென்று தெரியும்.

சிங்கப்பூர்: 9.8.1965-ல் தனி நாடானது, தருமபுரி மாவட்டம் பிறந்த அதே வருடம் (கயிற்றில் அதே 60 செ.மீ.). ஆட்சி மொழிகள் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கு. தேசிய கீதம் மலாயில். 1967 முதல் இளைஞர்களுக்குக் கட்டாயத் தேசிய சேவை. பெரும்பாலான மக்கள் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று 1989 முதல் உச்ச வரம்பு உண்டு. அடையாள அட்டையிலேயே இனம் அச்சாகியிருக்கும். "பக்கத்து வீட்டில் யார் இருக்கலாம் என்று அரசு முடிவு செய்தால் உன் நட்பு, பேச்சு, சாப்பாடு எப்படி மாறும்?" என்று கேட்டு 5 நிமிடம் விடுங்கள். நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு உடனே தாவிவிடுவார்கள். முதலில் விளைவை எழுதட்டும், தீர்ப்பு பிறகு.

இலங்கை மலையகம் (அந்த நாட்டின் நடுவே உள்ள தேயிலை மலைப்பகுதி): 19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டில் இருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். இது பொருளாதாரம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன. மீதி 1.5 லட்சத்தை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ல் வந்த சட்டம் குடியுரிமை கொடுத்தது. அரசின் கணக்கெடுப்பு அவர்களை நெடுங்காலம் "இந்தியத் தமிழர்" என்றே எழுதியது, அவர்களில் பலர் தங்களை "மலையகத் தமிழர்" என்கிறார்கள். இந்த இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, எதை யார் வைத்தது என்று கேளுங்கள். நான்காவது பாடவேளை முழுவதும் இதற்கே போனாலும் வீணில்லை.

சூளகிரி பக்கம் என்பதால் ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூர் எப்படி மாறியது என்பதை மலையகத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். அங்கே தோட்டம், இங்கே தொழிற்சாலை. இரண்டும் வேலைக்காக ஆட்களை இடம் மாற்றியவை. அங்கே போனவர்களுக்குக் குடியுரிமையே கேள்வியானது, இங்கே ஒடிசாவில் இருந்து வருகிறவர் இந்தியக் குடிமகன்தான். அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தாங்களே பிடித்தால் அரசின் பங்கு புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பென்னாகரம் ஆசிரியர்:

சாதிக் கவலைக்கு: "நீ யார்?" என்று வாயால் கேட்க வேண்டாம். ஆளுக்கு ஒரு சீட்டு, அதில் "நான்..." என்று தொடங்கும் 8 வாக்கியம். சீட்டு பிள்ளையிடமே இருக்கும், வாங்கவும் வேண்டாம், படிக்கச் சொல்லவும் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு குறி மட்டும் போடட்டும்: பிறப்பில் வந்தது (பி), அரசு கொடுத்தது (அ), வேலையால் வந்தது (வே), நானே தேர்ந்தது (தே). எந்தக் குறி அதிகம் என்பதை மட்டும் கேட்டு எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள். உள்ளடக்கம் வெளியே வராது.

வம்சாவளி மரம் வரையச் சொல்லாதீர்கள். அப்பா இல்லாத பிள்ளையும் பாட்டி வளர்க்கும் பிள்ளையும் எந்த வகுப்பிலும் உண்டு. "நீ உருது, நீ சொல்லு" என்று ஒரு பிள்ளையை ஒரு மதத்துக்கோ மொழிக்கோ பிரதிநிதியாக நிறுத்துவதும் கூடாது. ஒடிசாப் பிள்ளைகளை மற்றவர்கள் "இந்திக்காரங்க" என்பார்கள். அவர்கள் மொழி ஒடியா என்பதைப் பலகையில் மற்ற மொழிகளோடு ஒன்றாக எழுதுங்கள், தனியாக எழுந்து நிற்க வைக்க வேண்டாம்.

சூளகிரி டீச்சர்:

மூவருக்கும் மிக்க நன்றி. சீட்டை முதல் நாளே வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். தேர்வு வேலையில் 2 பாடவேளை போய்விட்டால் எதை விடுவது? 10 மதிப்பெண்ணுக்கு எப்படிப் பிரிப்பது?

காவேரிப்பட்டணம் சமூக அறிவியல்:

விடுவதானால் சிங்கப்பூரை விடுங்கள், மலையகத்தை விடாதீர்கள். பண்பாடு, அரசு, பொருளாதாரம் மூன்றும் ஒன்றையொன்று மாற்றுவது அதில்தான் முழுதாகத் தெரிகிறது. சீட்டும் ராகியும் சேர்ந்து ஒன்று, கயிறு ஒன்று, மலையகம் ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, நான்கில் முடியும். கயிற்றை முந்தின நாள் சாயங்காலமே கட்டிவிடுங்கள், வகுப்பில் அளந்துகொண்டு நின்றால் 15 நிமிடம் போய்விடும்.

மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு பத்தி, 8 வரி. தலைப்பு அவர்கள் ஊரில் உள்ள ஏதாவது ஒரு பொருள்: மாங்கூழுக்குப் போகும் பெங்களூரா மாம்பழம், தக்காளி, பால், பட்டுக்கூடு. சரியான தகவலுக்கு 3, "அதனால்" என்று ஒன்றை இன்னொன்றோடு இணைக்கும் வாக்கியம் இரண்டுக்கு 4, அடையாளம் பற்றிய ஒரு வாக்கியத்துக்கு 2, மொழிக்கு 1. வீட்டு மொழி தமிழ் இல்லாத பிள்ளைகள் இருப்பதால் மொழிக்கு இதற்கு மேல் வைக்காதீர்கள்.

"எங்கள் ஊரில் மாம்பழம் புகழ்பெற்றது" என்பதற்குத் தகவல் மதிப்பெண் மட்டும். "கூழ் ஆலை பெங்களூராவை டன் கணக்கில் வாங்குகிறது, அதனால் மற்ற ரகத்தை வெட்டிவிட்டு அதையே நட்டார்கள், அதனால் ஆலை விலையைக் குறைக்கும் வருடம் ஊரே கலெக்டர் ஆபீசுக்குப் போகிறது" என்று எழுதினால் அந்த 4 மதிப்பெண்ணையும் யோசிக்காமல் போடலாம்.