லண்டன் குலுக்கலில் பரிசு என்று அப்பாவுக்கு வந்த மின்னஞ்சல்: எப்படி எடுத்துச் சொல்வது?

கேள்வி: சுங்கை சிப்புட், ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 66 வயது. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி, பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது குலை வெட்டும் வேலைக்கு மாறி, அங்கேயே ஓய்வு பெற்றவர். தம்பி வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் இரண்டு வாரங்களுக்கு முன் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. லண்டனில் நடந்த தேசியக் குலுக்கலில் அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கணினி தேர்ந்தெடுத்ததாகவும், 850,000 பவுண்டு பரிசு விழுந்திருப்பதாகவும், பணம் கைக்கு வரும் வரை இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. அவரும் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து நாட்களுக்கு முன் கோப்புக் கட்டணம் என்ற பெயரில் 950 ரிங்கிட்டை உள்ளூர் வங்கிக் கணக்கொன்றுக்கு அனுப்பிவிட்டார். இப்போது வரி விடுவிப்புச் சான்றிதழுக்காக 4,800 ரிங்கிட் கேட்கிறார்கள். இபிஎஃப் பணத்தில் மிச்சம் வைத்திருப்பதை எடுக்க வங்கிக்குத் துணைக்கு வரச் சொன்னபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

இது ஏமாற்று வேலை என்று சொன்னேன், கோபித்துக்கொண்டார். "உன் தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கினார். முதலில் கட்டாமல் எது கைக்கு வந்தது?" என்று கேட்கிறார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய மனம் நோகாமல், அந்தக் கடிதத்தை வைத்தே இது பொய் என்று எப்படிக் காட்டுவது? அனுப்பிய 950 ரிங்கிட் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஈப்போ, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்

மகளே, இதைப் படித்தவுடன் முதல் வேலையாக 997 என்ற எண்ணை அழையுங்கள். அது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். காவல் துறை, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, தொலைத்தொடர்பு ஆணையம் ஆகியவை அதில் சேர்ந்து செயல்படுகின்றன. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும் என்பதால், அது எங்காவது நிற்கும்போதே முடக்குவதுதான் அவர்களுடைய வேலை. ஐந்து நாட்கள் கடந்துவிட்டதால் 950 ரிங்கிட் திரும்பும் என்று நான் நம்பிக்கை கொடுக்கமாட்டேன். ஆனால் அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். அப்பாவின் வங்கிக்கும் தெரிவித்துவிட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி. அதை அறியாமை என்று நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பணம் கட்டியபோது, அதைத் தொடங்கியவர் யார் என்று ஊருக்கே தெரியும். கட்டியதற்கு ரசீது இருந்தது. சங்கம் வாங்கிய தோட்டத்தை நேரில் போய்ப் பார்க்க முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தா தாமாக முடிவு செய்து ஒரு பங்கை வாங்கினார். இங்கே அப்பா எதையும் வாங்கவில்லை. சீட்டு வாங்காதவருக்குக் குலுக்கலில் பரிசு விழ வழியே கிடையாது. நம் ஊர்க் குலுக்கல் நிறுவனங்களில் மேக்னமோ ஸ்போர்ட்ஸ் தோதோவோ டா மா சாயோ எதுவானாலும், சீட்டைக் கையில் வைத்திருப்பவர்தான் போய்ப் பரிசைக் கேட்டு வாங்குகிறார்; அவர்கள் நம்மைத் தேடிக் கடிதம் எழுதுவதில்லை. பிரிட்டனின் தேசியக் குலுக்கலுக்குச் சீட்டு வாங்க, வாங்குகிறவர் அந்த நாட்டிலோ மேன் தீவிலோ இருந்தாக வேண்டும். மின்னஞ்சல் முகவரிகளைக் குலுக்கிப் போட்டு எடுக்கும் குலுக்கல் என்று அங்கே எதுவும் இல்லை.

வரி விடுவிப்பு என்ற பேச்சுக்கு வருகிறேன். பிரிட்டனில் குலுக்கல் பரிசுக்கு வரியே கிடையாது. மலேசியாவிலும் வென்றவர் அதற்கு வருமான வரி கட்டுவதில்லை. அமெரிக்காவில் வரி உண்டு, ஆனால் பெரிய பரிசாக இருந்தால் 24 விழுக்காட்டைப் பரிசுப் பணத்திலேயே கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கிறார்கள். வென்றவரின் சட்டைப் பையிலிருந்து முன்பணம் கேட்பது எங்கும் வழக்கமில்லை. 4,800 கட்டினால் அடுத்து காப்புறுதி என்பார்கள், அதற்கடுத்து நாணய மாற்று அனுமதி என்பார்கள். அப்பா கட்டும் கட்டணத்தைத் தவிர இந்த விவகாரத்தில் வேறு பணம் எதுவுமே இல்லை.

பதில்: தைப்பிங், கணினி கற்பிக்கும் ஆசிரியை

கடிதத்தை வைத்தே காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பியவர் பெயராக மேலே தெரிவதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பெயரைத் தொட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் முழு முகவரியைத் திறந்து அப்பாவிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது ஜிமெயில் போன்ற இலவச முகவரியாக இருக்கும், அல்லது குலுக்கல் நிறுவனத்தின் பெயரை நடுவில் நுழைத்துக் கடைசியில் வேறெதையோ ஒட்டிய முகவரியாக இருக்கும். முகவரியின் கடைசிப் பகுதிதான் உண்மையான உரிமையாளரைக் காட்டுவது. பிறகு பதில் அனுப்பும் பொத்தானை அழுத்தி, ஒன்றும் அனுப்பாமல், பதில் எந்த முகவரிக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். கடிதம் ஓர் இடத்திலிருந்து வந்து பதில் வேறோர் இடத்துக்குப் போனால், வயதானவர்களுக்கும் அது சட்டென்று புரிந்துவிடுகிறது. என் மாமியாருக்கு நான் அப்படித்தான் புரியவைத்தேன்.

எழுத்துப் பிழைகளைத் தேடி அலைய வேண்டாம். முன்பெல்லாம் மோசடிக் கடிதம் என்றால் மொழி தடுமாறும்; இப்போது பிழையில்லாத மலாயிலும் தமிழிலும்கூட வருகிறது. "யாரிடமும் சொல்லாதே" என்ற வரிதான் என்னைப் பொறுத்தவரை அந்தக் கடிதத்திலேயே மிகக் கொடிய வரி. நீங்கள் இரண்டு வாரங்களுக்கு முன்பே இதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை எழுதியிருக்கிறார்கள். அடையாள அட்டையின் நகலையும் அப்பா அனுப்பினாரா என்று கேட்டுப் பாருங்கள். அனுப்பியிருந்தால் புகாரில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பதில்: பாடாங் செராய், இதே வழியில் ஏமாந்தவன்

அக்கா, நான் 11,000 ரிங்கிட் இழந்தவன். எனக்கு அப்போது 38 வயது, படிப்பில்லாதவனும் இல்லை. முதல் தொகையைக் கட்டிய பிறகு நான் தொடர்ந்து கட்டியதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை. நிறுத்திவிட்டால், ஏற்கெனவே கட்டியது வீணாகப் போனதென்று வீட்டில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்ற வெட்கம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. அப்பாவுக்கும் அந்த வெட்கம் உள்ளே இருக்கும். என் தங்கை என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கட்டணத்தைப் பரிசிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள் அண்ணா" என்றாள். எழுதினேன். வந்த பதிலில் மிரட்டல் இருந்தது. இரவெல்லாம் அதைப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் நானே காவல் நிலையத்துக்குப் போனேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். நான்கு மாதங்கள் கழித்து வழக்கறிஞர் என்று ஒருவர் அழைத்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகவும், பதிவுக் கட்டணமாக 600 ரிங்கிட் மட்டும் வேண்டுமென்றும் சொன்னார். நான் எவ்வளவு இழந்தேன் என்பது அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது, அக்கா. அப்பாவுக்கும் அப்படி ஓர் அழைப்பு வரக்கூடும்.

பதில்: ஈப்போ, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்

பாடாங் செராய்த் தம்பி மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுதும் வழியில் எனக்கு உடன்பாடில்லை. எழுதினால் அவர்களுக்கு இன்னொரு கதை சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. தம்பிக்கு மிரட்டல் வந்தது, வேறொருவருக்குக் கனிவான விளக்கம் வந்திருக்கும். கட்டணத்தை ஏன் பரிசிலேயே கழித்துக்கொள்ளவில்லை என்று அப்பாவிடமே கேட்டு, அவரையே யோசிக்க விடுங்கள்.

பணம் போன கணக்கின் எண்ணைக் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். புகார் வந்த கணக்கென்றால் காட்டும். புதிய கணக்கென்றால் காட்டாது, ஆகவே அதில் ஒன்றும் இல்லையென்பதால் நல்ல கணக்கென்று எண்ண வேண்டாம். லண்டன் குலுக்கலுக்கான கட்டணம் மலேசியாவில் ஒரு தனி நபர் பெயரில் உள்ள கணக்குக்கு ஏன் போகிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். மோசடிப் பணத்தைக் கைமாற்றப் பயன்படும் இப்படிப்பட்ட கணக்குகளைக் கெல்டாய் கணக்கு என்பார்கள். சில நூறு ரிங்கிட்டுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் அட்டையை இரவல் கொடுத்த இளைஞர்களுடைய கணக்குகள் அவற்றில் ஏராளம். 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படி இரவல் கொடுப்பதே தனிக் குற்றம்.

கேள்வி கேட்ட மகள்: மூன்று நாட்கள் கழித்து

எல்லாருக்கும் நன்றி. அன்று மாலையே 997-ஐ அழைத்தோம். மறுநாள் காலை அப்பாவுடன் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். அடையாள அட்டையின் நகலையும் அனுப்பியிருந்ததை அங்கேதான் சொன்னார். பணம் அந்தக் கணக்கிலிருந்து ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்று வங்கி தெரிவித்தது.

அவர் மனம் மாறியது முகவரியைக் காட்டியபோதுதான். பதில் போகும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். தாத்தாவின் பங்குப் பத்திரம் அலமாரியில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அந்த மின்னஞ்சலை அழித்துவிடச் சொன்னார். விசாரணைக்கு வேண்டும் என்பதால் அழிக்கவில்லை.

கணக்குக்குரியவரின் பெயர் தமிழ்ப் பெயர். அதைப் புகாரில் எழுதும்போது, அந்தப் பிள்ளைக்கு என்ன வயதிருக்கும், அட்டையை யாரிடம் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியுமா என்று அப்பா அதிகாரியிடம் இரண்டு முறை கேட்டார்.