லிபெட் பரிசோதனை ‘ஃப்ரீ வில் இல்லை’ என்று நிரூபித்துவிட்டதா?

வினாத்தாள்:
வாசிப்பு வட்டத்தில் பேச ஒரு குறிப்பு தயாரிக்கிறேன். எங்கே தேடினாலும் ஒரே பல்லவி: “நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது, நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983லேயே காட்டிவிட்டார், ஆகவே ஃப்ரீ வில், அதாவது சுதந்திர விருப்பம், மாயை.” ஒரு வீடியோவில் 10 விநாடி முன்பே சொல்லிவிடலாம் என்கிறார்கள். உண்மையில் அளந்தது என்ன, அதன்மேல் ஏற்றிச் சொன்னது என்ன? அந்தப் பரிசோதனையில் ஓட்டை இருக்கிறது என்றால் ஃப்ரீ வில் தப்பித்துவிட்டது என்று அர்த்தமா?

நரம்புமுடிச்சு:
அளந்தது மூன்று நேரங்கள். ஒன்று, தசை அசையத் தொடங்கும் நேரம். இதற்குக் கையில் மின்முனை. இரண்டு, உச்சந்தலையில் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் கருவி) காட்டும் மெதுவான மின்னேற்றம். 1960களில் ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் கண்டுபிடித்த ‘ஆயத்த மின்னழுத்தம்’ இதுதான். மூன்று, ‘இப்போது அசைக்கலாம்’ என்று தோன்றிய கணம். இந்த மூன்றாவதைக் கருவி அளக்கவில்லை, ஆள் சொன்னார். 2.56 விநாடிக்கு ஒருமுறை சுற்றும் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, தோன்றியபோது மணிக்கட்டை அசைக்க வேண்டும். அசைத்த பிறகு, எண்ணம் வந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

முன்திட்டமில்லாத அசைவுகளில் மின்னேற்றம் சராசரியாக அசைவுக்கு 550 மில்லி விநாடி முன்னால் தொடங்கியது. எண்ணம் தோன்றியதாகச் சொன்னது சுமார் 200 மில்லி விநாடி முன்னால். நடுவில் உள்ள 350தான் இத்தனை சத்தத்துக்கும் காரணம்.

சிக்கல் அந்தச் சராசரியில்தான். ஒரே ஒரு அசைவை எடுத்தால் இந்த மின்னேற்றம் மூளையின் மற்ற அலைகளுக்குள் மூழ்கிவிடும். அதனால் 40 அசைவுகளை எடுத்து, அசைந்த கணத்தில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பின்னோக்கிச் சராசரி போட்டார்கள். அசைவில் முடியாத ஏற்றங்கள் இந்தக் கணக்கில் வரவே வராது. ஷூர்கர், சிட், தெஹேன் மூவரும் 2012ல் காட்டியது இதைத்தான்: மூளைச் செயல்பாடு தானாகவே மேலும் கீழும் ஆடுகிறது என்றும், ஒரு வரம்பைத் தொட்டால் கை அசைகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தொட்ட தருணங்களை மட்டும் பொறுக்கிப் பின்னோக்கிச் சராசரி போட்டால், அதே ஏறுமுகக் கோடு கிடைத்துவிடும். 550ல் எந்த ‘முடிவும்’ எடுக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது அளவும் ஆட்டம் காண்கிறது. 2009ல் பேங்க்ஸ், இஷாம் இருவரும் பொத்தானை அழுத்தியபின் ஒரு சிறு ‘பீப்’ ஒலியை 5 முதல் 60 மில்லி விநாடி வரை தாமதித்துக் கொடுத்தார்கள். ஒலி தள்ளிப்போகப்போக, எண்ணம் தோன்றியதாகச் சொன்ன நேரமும் தள்ளிப்போனது. அழுத்திய பிறகு நடந்தது, அழுத்துவதற்கு முன் வந்த எண்ணத்தின் நேரத்தை எப்படி மாற்றும்? அப்படியானால் சொல்லப்படும் நேரத்தில் ஒரு பங்காவது பிற்பாடு ஊகித்தது.

10 விநாடிக் கதை 2008ல் வந்த எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை ஸ்கேன்) ஆய்வு. இடது பொத்தானா வலதா என்று முன்கூட்டிக் கணித்தார்கள். கணிப்பு சுமார் 60 சதவீதம் சரி. நாணயம் சுண்டினாலே 50. வீடியோக்காரர்கள் இந்த எண்ணை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

தருக்கி:
மேலே சொன்னதோடு ஒன்று. மணிக்கட்டை எப்போது அசைத்தாலும் ஒன்றுதான், ஒரு காரணமும் தேவையில்லை. ஃப்ரீ வில் பற்றிய சண்டையோ காரணம் பார்த்து எடுக்கும் முடிவுகளைப் பற்றியது. மாவோஸ் குழு 2019ல் இதைப் பிரித்துப் பார்த்தது. இரண்டு தொண்டு நிறுவனங்களில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு வகையில் தேர்வைப் பொறுத்தே நன்கொடை போகும். மற்றதில் எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் சமமாகப் போகும். எதை அழுத்தினாலும் ஒன்றுதான் என்ற இடத்தில் ஆயத்த மின்னழுத்தம் வந்தது. யோசித்துத் தேர்ந்த இடத்தில் அது பெரும்பாலும் காணவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இல்லை, தப்பிக்கவில்லை. லிபெட் பிறக்காமலே இருந்திருந்தாலும் ஃப்ரீ வில்லுக்கு எதிரான வழக்கு நிற்கும். தத்துவவாதி பீட்டர் வான் இன்வேகன் 1983ல் (அதே ஆண்டு!) விரிவாக வைத்த வாதத்துக்கு ஒரு மின்முனையும் வேண்டாம். நிர்ணயவாதம் (நடப்பதெல்லாம் முன் நடந்தவற்றால் முழுதும் தீர்மானிக்கப்படுகிறது என்ற கொள்கை) சரி என்றால், இன்று நான் செய்வது நான் பிறப்பதற்கு முந்தைய உலக நிலையும் இயற்கை விதிகளும் சேர்ந்த தவிர்க்க முடியாத விளைவு. முந்தைய நிலை என் கையில் இல்லை, விதிகளும் என் கையில் இல்லை. ஆகவே விளைவும் என் கையில் இல்லை. குவாண்டம் தற்செயலைக் கொண்டுவந்து இதை உடைக்க நினைக்காதீர்கள். பகடை விழுந்தபடி கை அசைந்தால் அதுவும் என் கட்டுப்பாடு ஆகாது.

வினாத்தாள்:
அப்படியானால் இணக்கவாதிகள் (நிர்ணயவாதமும் ஃப்ரீ வில்லும் ஒத்துப்போகும் என்பவர்கள்) எதை வைத்துத் தாக்குப்பிடிக்கிறார்கள்? ‘சுதந்திரம்’ என்பதற்கு வேறு அர்த்தம் கொடுத்து நழுவுவதாகத் தோன்றுகிறது.

தருக்கி:
நழுவல் இல்லை, இரண்டு தனி வழிகள். குறிப்பில் இவற்றைக் கலந்துவிடாதீர்கள்.

தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1981ல் எடுத்த வழி, ‘வேறு மாதிரி செய்திருக்க முடியும்’ என்பதைப் பிளப்பது. நான் வேறு மாதிரி செய்திருந்தால் ஏதோ ஒரு விதி மீறப்பட்டிருக்கும் என்பது ஒன்று. நான் விதியை மீறவைக்கும் ஆற்றல் உள்ளவன் என்பது வேறு. சுதந்திரத்துக்கு முதலாவது போதும், இரண்டாவது வேண்டாம் என்கிறார்.

இன்னொரு தத்துவவாதி ஹாரி ஃப்ராங்ஃபர்ட் 1969ல் எடுத்தது நேர்வழி: பொறுப்புக்கு மாற்றுவழியே தேவையில்லை. ஒருவர் தானாகவே ஒரு குற்றத்தைச் செய்ய முடிவெடுக்கிறார். அவர் பின்வாங்கினால் குறுக்கிட்டுச் செய்யவைக்க இன்னொருவர் தயாராகக் காத்திருக்கிறார். ஆனால் குறுக்கிடத் தேவையே வரவில்லை. செய்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை, ஆனாலும் குற்றம் அவருடையதுதான். 1971ல் அவர் சேர்த்தது: ஆசையின் மேல் இன்னொரு ஆசை. போதைக்கு அடிமையான இருவருக்கும் போதை வேண்டும். ஒருவர் அந்த ஆசை தன்னை ஆட்டுவிக்கக் கூடாது என்று விரும்புகிறார், மற்றவர் அதோடு ஒத்துப்போகிறார். முன்னவரை அவருக்குப் பிடிக்காத ஆசையே இழுத்துப்போகிறது.

என் கணிப்பில் லூயிஸின் வழி உறுதியானது. ஃப்ராங்ஃபர்ட்டின் உதாரணத்தில், அந்தக் காத்திருப்பவர் ‘இவர் பின்வாங்கப் போகிறார்’ என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வார்? முன்னறிகுறி நிச்சயமானது என்றால், நிர்ணயவாதத்தை முன்பே உள்ளே விட்டுவிட்டோம். நிச்சயமில்லை என்றால், கடைசி நொடியில் ஒரு மாற்றுவழி மிச்சம் இருக்கிறது. வட்டத்தில் யாராவது கட்டாயம் இதைக் கேட்பார்கள்.

நரம்புமுடிச்சு:
இன்னொன்றையும் கேட்பார்கள்: “லிபெட்டே ஃப்ரீ வில் இல்லை என்றார் அல்லவா?” அவர் அப்படிச் சொல்லவில்லை. தோன்றிய எண்ணத்தைக் கடைசி 100–150 மில்லி விநாடிக்குள் தடுத்து நிறுத்தும் அதிகாரம் நனவு மனத்துக்கு உண்டு என்பது அவருடைய நிலைப்பாடு. அந்தத் தடுப்புக்கும் முன்னால் ஒரு மூளைச் செயல்பாடு இருக்காதா என்ற கேள்வி அவரை விட்டபாடில்லை, அது வேறு விஷயம்.