1988 கணக்குல சேருமா, சேராதா?

நாலாம் தந்தி:
நேத்து பழைய கேசட் ஐயா, அமெரிக்க பங்க் ராக் பாடகி பேட்டி ஸ்மித்தைப் பத்தி ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கார்: "பாட்டி ஸ்மித் கல்யாணம், குழந்தைன்னு போனதோட சரி. 16 வருஷம் ஒண்ணும் பண்ணல. 1996லதான் திரும்பி வந்தாங்க." படிச்சதுலேருந்து மனசு ஆறல. 1979 செப்டம்பர்ல இத்தாலி ஃப்ளாரன்ஸ் கச்சேரியோட மேடையை விட்டாங்க, ஒத்துக்கறேன். 1980ல கல்யாணம், 82ல மகன், 87ல மகள். மகளுக்கு ஒரு வயசு ஆகும்போது, 1988ல, 'ட்ரீம் ஆஃப் லைஃப்' ஆல்பம் வந்தாச்சு. அதுல மகனுக்கு ஒரு தாலாட்டே இருக்கு. உங்க கணக்குல 1988 எங்கே போச்சு?

பழைய கேசட்:
1988 எனக்கும் தெரியும்மா. அந்தக் கேசட்டே என்கிட்ட இருக்கு. அதுக்கு ஒரு சுற்றுப்பயணம் உண்டா? கிடையாது. பங்க்னா மேடை. 1975ல நியூயார்க்ல பங்க் வளர்ந்த சிபிஜிபி கிளப்ல வாரக்கணக்கா நின்னு பாடின ஆள் அவங்க. மறுபடி ஊர் ஊரா கிளம்பினது 1995 டிசம்பர்ல, பாடகர் பாப் டிலனோட. அடுத்த வருஷம் 'கான் அகெய்ன்' ஆல்பம். திரும்பி வந்ததுன்னா அதுதான். 1988 கணக்குல வராது.

கோவை டிரம்மர்:
முதல்ல பேரை ஒழுங்கா எழுதுங்க. பாட்டி இல்ல, பேட்டி. 1996லயே அவங்களுக்கு 49தான்.

பழைய கேசட்:
தம்பி, மூணு வருஷமா நீ என் எழுத்துப்பிழையைத்தான் பொறுக்கிட்டு இருக்கே. இசைத்தட்டு சண்டையில என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் ஆறலயா?

கோவை டிரம்மர்:
அதுல யார் வாங்கிக் கட்டிக்கிட்டாங்கன்னு ஊருக்கே தெரியும்.

நாலாம் தந்தி:
உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. மேடை ஏறலன்னா கணக்கில்லையா? ஆறு வயசு நிறையாத பையன் ஒண்ணு, கைக்குழந்தை ஒண்ணு. எந்த வேன்ல தூளி கட்டிக்கிட்டு ஊர் ஊரா போகணும்?

எனக்கு இது ஏன் வலிக்குதுன்னும் சொல்லிடறேன். காலேஜ்ல நாங்க அஞ்சு பேர் ஒரு பேண்ட், நான் கிடார். மகன் பிறந்து எட்டு மாசம் கழிச்சுப் பரண்லேருந்து கிடாரை இறக்கினேன். உறையைத் திறந்தா பாச்சை உருண்டை வாசனை. ஆறு தந்தியும் துரு. ஒரு தடவை இழுத்ததுக்கே விரல் நுனியில காவிக்கோடு விழுந்துச்சு. வருஷக்கணக்கா வாசிச்சு வந்த காய்ப்பு மொத்தமும் போய், விரல் பிள்ளை கன்னம் மாதிரி மெத்துனு இருந்துது. விடிகாலை 5 மணிக்கு, ஆம்ப்ளிஃபயர்ல செருகாம, சமையக்கட்டுத் தரையில உக்காந்து வாசிப்பேன். தூளி கிரீச்னா கை தானா நின்னுடும். அப்படி மூணு பாட்டு முடிச்சேன். எந்த மேடையிலயும் வாசிக்கல. அப்போ நான் ஒண்ணுமே பண்ணலயா?

பேட்டியும் டெட்ராய்ட் பக்கத்துல, செயின்ட் கிளேர் ஷோர்ஸ் வீட்டுல, காலை 5லேருந்து 8 வரைக்கும், பிள்ளைங்க எழுந்திருக்கறதுக்குள்ள எழுதினாங்க. எழுத்துக்கு ஒரு ஒழுங்கு வந்ததே அந்த வருஷங்கள்லதான்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

சுவர்க்கோழி:
கேசட் ஐயாவுக்கு ஒரு கேள்வி. 1975ல மகன் பிறந்ததும் பீட்டில்ஸ் ஜான் லெனான் அஞ்சு வருஷம் வீட்டோட இருந்தார். 1980 நவம்பர்ல ஆல்பம் போட்டார், சுற்றுப்பயணம் போகல. அவர் திரும்பி வந்தார்னுதானே எல்லாரும் சொல்றோம்? அப்பா வீட்ல இருந்தா தியாகம், அம்மா இருந்தா முடங்கிட்டாளா?

பழைய கேசட்:
ஆல்பம் வந்த மூணாவது வாரம் அவரைச் சுட்டுட்டான். எங்கேர்ந்து சுற்றுப்பயணம்? அதோட லெனான் பங்க் கிடையாது. இதெல்லாம் 1988க்குப் பதில் ஆகாது.

கோவை டிரம்மர்:
சோனிக் யூத் ராக் பேண்ட்ல இருந்த கிம் கார்டனுக்கு 1994ல மகள். அடுத்த வருஷமே அந்த பேண்ட் லோலாபலூசா இசை விழா மேடையில நிக்குது.

பழைய கேசட்:
பாத்தீங்களா! என் எதிரியே எனக்குச் சாட்சி சொல்றான். மனசு இருந்தா மேடை ஏறலாம்.

நாலாம் தந்தி:
மனசா? குழந்தையோட அப்பாவும் அதே பேண்ட்ல கிடார் வாசிச்சார் ஐயா. குடும்பமே ஒண்ணா பஸ் ஏறிச்சு. எங்க வீட்ல நான் கிடாரைத் தொட்டாலே "குழந்தை முழிச்சுக்கப் போவுது"ன்னு மாமியார் குரல் வரும். மனசு இல்லாமயா நான் 5 மணிக்கு எழுந்தேன்?

இன்னொண்ணு. நீங்க ஒண்ணுமே பண்ணலன்னு சொல்ற அதே வருஷங்கள்ல பேட்டி எழுதின 'ஊல்கேதரிங்' 1992ல வந்துச்சு. உள்ளங்கைக்குள்ள அடங்கற சின்னப் புத்தகம், நியூயார்க் ஹனுமான் புக்ஸ் போட்டது. அந்த வரிசை எங்கே அச்சாச்சு தெரியுமா? நம்ம மெட்ராஸ்ல, கலாக்ஷேத்ரா அச்சகத்துல. இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு 'ஒண்ணும் பண்ணல'ன்னு எழுத எப்படி மனசு வந்துச்சு?

பழைய கேசட்:
புத்தகம் பாட்டு இல்ல. 2006 அக்டோபர் 15, சிபிஜிபி மூடின ராத்திரி, கடைசியா பாடினது யாரு? அவங்கதான். புத்தகம் எழுதினதுக்கா கூப்பிட்டாங்க? மேடையில நின்னதுக்கு.

சுவர்க்கோழி:
1994 நவம்பர்ல பேட்டியோட புருஷன் சாவு, அடுத்த மாசமே தம்பி சாவு. அதுக்கப்புறம் அவங்க மேடைக்கு வந்ததை வெறும் 'திரும்பி வந்தாங்க'ன்னு எழுதறதே எனக்குப் பிடிக்கல. ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டுப் பிழைக்கவும் வேணுமே.

பழைய கேசட்:
நான் சொன்ன 1996க்குத்தான் வந்து சேர்ந்திருக்கீங்க.

சுவர்க்கோழி:
வரல! என் வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

கோவை டிரம்மர்:
இன்னும் ஒரு தடவை கூட பேட்டின்னு எழுதல பாருங்க, அந்தப் பிடிவாதம்.

பழைய கேசட்:
எழுத மாட்டேன்.

நாலாம் தந்தி:
ஐயா, கேசட் இருக்குன்னீங்களே, அட்டையைப் படம் எடுத்துப் போடுங்க. என்ன வருஷம்னு எல்லாரும் பாக்கட்டும்.

பழைய கேசட்:
1988ன்னுதான் போட்டிருக்கும். சுற்றுப்பயணம்னு போட்டிருக்காதே!