வரி எல்லை ஒழிஞ்சப்ப புதுச்சேரிக்கு என்ன கேட்டு வாங்கினோம்?

நேருவீதி வியாபாரி:
'ஜிஎஸ்டி வந்து எல்லை ஒழிந்தது, புதுச்சேரிக்கு லாபம்தான்' என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கார். எல்லை ஒழிஞ்சது நிஜம். பதிலுக்கு என்ன வாங்கினோம்? நம்ம தொழிற்பேட்டைகளான சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் சரக்கு வெளிமாநிலம் போனா, முன்பு சி ஃபாரத்துக்கு (வாங்கற வெளிமாநில வியாபாரி தர்ற சலுகை வரிப் படிவம்) 2% மத்திய விற்பனை வரி நம்ம கஜானாவுக்கு வரும். இப்ப வரி, பொருள் போய்ச் சேர்ற மாநிலத்துக்கு. 12 லட்சம் பேர் உள்ள ஊர் எவ்வளவு வாங்கும்?

முதுநகர்க்காரன்:
அண்ணே, எங்க பாட்டையும் கேளுங்க. கடலூர்ல ஃபிரிட்ஜ் விற்கிறேன். ஜிஎஸ்டி வந்த 2017க்கு முன்ன ஆள் வருவார், கதவைத் திறந்து பார்ப்பார், மாடல் நம்பரைக் குறிச்சுக்குவார். மறுநாள் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போய் அதையே வாங்கி டாட்டா ஏஸ்ல ஏத்திட்டு என் கடை வாசல் வழியாவே போவார். உங்க வரிச் சலுகை எங்க கல்லாவுல கை வச்சுது.

பாகூர் வாசகன்:
புதுச்சேரிக்கு இது புதிதல்ல. 1941இல் பிரெஞ்சிந்தியா பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒன்றியம் கண்டது, அதாவது இரண்டுக்கும் நடுவே சுங்க எல்லை இல்லை. 1949இல் அது முறிந்தது. தவளக்குப்பம் தாண்டினால் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, அடுத்து கிருமாம்பாக்கம் மறுபடி புதுச்சேரி. இப்படிச் சிதறிய மண்ணில் சுங்கச்சாவடி போட்டால் கடத்தல்காரனுக்குத்தான் கொண்டாட்டம். மில்லுக்குப் பருத்திகூட வெளியிலிருந்து வரவேண்டிய ஊர் தனித்து நிற்க முடியாது. ஜிஎஸ்டியில் சேர்ந்தது சரி.

நேருவீதி வியாபாரி:
சேர்ந்தது தப்புன்னு யார் சொன்னா? பேசி வாங்கிட்டுச் சேரலைங்கறேன். ஜிஎஸ்டி மன்றத்துல நாம மாநிலம், ஓட்டு உண்டு. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிச்சுத் தரச் சொல்ற நிதிக்குழுகிட்ட யூனியன் பிரதேசம், வரிப்பங்கு கிடையாது. ஜிஎஸ்டியால குறைஞ்ச வருமானத்துக்கு மத்திய அரசு தந்த இழப்பீடும் 2022 ஜூனோட முடிஞ்சது.

முதுநகர்க்காரன்:
இழப்பீடு எல்லாருக்கும்தான் முடிஞ்சது. வருஷம் 14% வளர்ச்சின்னு கணக்குப் போட்டு 5 வருஷம் கொடுத்தாங்களே. பெட்ரோலும் மதுவும் இன்னும் உங்க கையிலதானே இருக்கு? எங்க ஊர் வண்டிகள் முள்ளோடை பங்க்லதான் நிக்குது.

நேருவீதி வியாபாரி:
தம்பி, தமிழ்நாட்டுக்கு நிதிக்குழுப் பங்கு வருது. எங்களுக்கு டெல்லி மானியம்தான். அதனாலதான் மதுக்கடை வருமானத்தை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டியிருக்கு. எந்த ஊர் இதை விரும்பும்?

பாகூர் வாசகன்:
இதில் உங்களோடு நிற்கிறேன். ஜிஎஸ்டிக்காக அரசியலமைப்பின் 366ஆவது பிரிவில், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமும் 'மாநிலம்' என்று சேர்த்தார்கள். நிதிக்குழு பற்றிய 280ஆவது பிரிவுக்கு அது பொருந்தாது. அதைக் கேளுங்கள், பழைய வரி விகிதத்தைக் கேட்காதீர்கள்.

நேருவீதி வியாபாரி:
280ங்கற அந்த ஒரு எண்ணை 2016லேயே, ஜிஎஸ்டிக்கான 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தப்பவே, 366ல சேர்க்கச் சொல்லியிருக்கணும். முதல் பதிவிலிருந்து என் ஆதங்கம் அதுதான் ஐயா.