வலப்பக்கத் தட்டு மட்டும் தாழ்ந்து முன்னாடியே விழுகிறது

இங்கிலாந்தில் ஒரு சிறு கிளப், டி.டி.எல். (டவுன்-தி-லைன்: மெஷின் எறியும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும்) போட்டி. சுடுபவர் நிற்க ஐந்து நிலைகள், மெஷினுக்கு 16 கஜம் பின்னால்; இடமும் வலமும் ஆடியபடி எறியும் ஒரே தானியங்கி மெஷின், 12 வோல்ட் பேட்டரி. மூன்று வாரமாக, மெஷின் வலப்பக்கம் ஆடும்போது எறியும் தட்டு 42 கஜத்திலேயே விழுகிறது. இடப்பக்கமும் நேராகவும் போகிறவை 50 கஜம் தாண்டுகின்றன. பாதிப்பு அதிகம் வலக் கோடியில், 5ஆம் நிலையில் நிற்பவருக்குத்தான். முதல் குண்டில் உடைத்தால் 3 புள்ளி, இரண்டாவதில் 2 என்பதால் தாழ்ந்து போகும் ஒரு தட்டே வரிசையை மாற்றிவிடுகிறது. ஒலிம்பிக் டிராப்பில் (இதே வகைத் தட்டு சுடும் போட்டி) 15 மெஷின், 25 தட்டில் ஆளுக்கு 10 இடம், 10 வலம், 5 நடு என்று பங்கு உண்டு. இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை.

செய்து பார்த்தவை: எறியும் கையின் ரப்பர் பட்டை புதிது. வேறு பெட்டித் தட்டுகள், அதே கதை. பேட்டரி மாற்றினோம் (அது இறங்கினால் கை மெதுவாகத்தான் ஏறும், வீச்சு ஸ்பிரிங்கில் இருக்கிறது). ஸ்பிரிங்கை இறுக்கினால் வலம் சரி, ஆனால் இடம் 58 கஜம் பறக்கிறது, உடைந்து வரும் தட்டும் கூடுகிறது. ரசமட்டம் வைத்தால் அடித்தளம் சமம். காற்றில்லாத காலையிலும் இதே நிலை.

ஒன்று கவனித்தோம்: மெஷின் ஆடுவதை நிறுத்தி, அதை வலக் கோடியில் பூட்டி 20 தட்டு எறிந்தால் எல்லாமே 50 கஜம்.

அப்படியானால் முதலில் கழற்ற வேண்டியது அடித்தளச் சுழல் புஷ்ஷா (மெஷின் திரும்பும் அச்சைத் தாங்கும் வளையம்), மெஷினை ஆட்டும் இணைப்புத் தண்டா?