நாலு மணிப் பசிக்கு பிஸ்கட், சிப்ஸ் இல்லாம என்ன கொடுக்கலாம்?

ஈரோட்டுக்காரி:
வணக்கம். 7 வயசுல ஒண்ணு, 11 வயசுல ஒண்ணுன்னு வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் பிஸ்கட், சிப்ஸ், க்ரீம் பன்னுன்னுதான் கை போகுது. "மல்டிகிரெயின்", "டைஜஸ்டிவ்", "எண்ணெயில் பொரிக்காதது"ன்னு போட்டிருக்கிறதாப் பார்த்து வாங்கினா பரவாயில்லையா? பாக்கெட்டுல எதைப் பார்த்து முடிவு பண்றது? வேலைக்குப் போறவங்க வாரத்துக்கு ஒரு தடவை தயார் பண்ணி வச்சுக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? கடை முறுக்கு, மிக்சர் எவ்வளவோ தேவலாம்னு சொல்றாங்க, அதுவும் நிஜமா?

லேபிள்பார்வை:
முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. "மல்டிகிரெயின்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே முதலில் மைதா, அடுத்து பாமாயில், அடுத்து சர்க்கரை என்று வந்தால், ராகியும் ஓட்ஸும் பெயருக்குத்தான் இருக்கின்றன. பல பாக்கெட்டுகளில் அடைப்புக்குள் சதவீதமும் போட்டிருப்பார்கள். ராகி 2 சதவீதம் என்றால் 100 கிராம் பிஸ்கட்டில் 2 கிராம் ராகி, அவ்வளவுதான்.

சர்க்கரையைப் பிரித்துப் போடும் வழக்கமும் உண்டு. சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று மூன்று பெயரில் வரும்போது ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மால்டோடெக்ஸ்ட்ரின் இன்னும் நைசான ஆள். அது மாவுச்சத்து வகையில் சேருவதால் சத்து அட்டவணையில் சர்க்கரையாகவே வராது. ரத்தத்தில் குளுக்கோஸை மட்டும் விறுவிறு என்று ஏற்றிவிடும்.

உப்புக்கு: அட்டவணையில் சோடியம் என்று போட்டிருக்கும் மில்லிகிராமை 2.5 ஆல் பெருக்குங்கள். 100 கிராமுக்கு 800 மி.கி. என்றால் 2 கிராம் உப்பு. 50 கிராம் பாக்கெட்டைக் காலி செய்யும் பிள்ளைக்கு 1 கிராம் உப்பு அதிலேயே போய்விடும். பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. "ஒரு பரிமாறல்" என்ற கட்டத்தைப் பார்க்காதீர்கள். 15 கிராமுக்குக் கணக்குச் சொல்லியிருப்பார்கள், 15 கிராமோடு யாரும் நிறுத்துவதில்லை. 100 கிராம் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டியலில் சேர்க்கைப் பொருள்களுக்குப் போடும் எண்களைக் கண்டு மிரள வேண்டாம். 322 லெசித்தின், அதில் பயப்பட ஒன்றுமில்லை. 621 அஜினமோட்டோ, அதுவும் விஷமில்லை. ஆனால் ருசியைக் கூட்டும் 621, 627, 631 மூன்றும் கூடவே நிறமும் மணமும் சேர்ந்து வந்தால், வெறும் மாவையும் எண்ணெயையும் நாக்குக்கு ருசியாகக் காட்டத்தான் அத்தனையும் போட்டிருக்கிறார்கள். பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ குழு, பதப்படுத்தும் அளவை வைத்து உணவுகளை நான்கு வகையாகப் பிரித்து வகுத்த "நோவா" முறையில் அதீதப் பதப்படுத்தல் என்று பிரிப்பதும் இப்படித்தான்: வீட்டு அடுக்களையில் இருக்கவே இருக்காத பொருள்கள் பட்டியலில் இருந்தால் அது நாலாவது வகை.

உணவியல்_மதுரை:
மேலே சொன்னது சரி. கூட ஒன்று. சர்க்கரை, உப்பு, கொழுப்பு மூன்றையும் குறைத்துவிட்டால் அதே பாக்கெட் நல்லதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, சோடியம், நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், சராசரியாக 0.9 கிலோ எடை ஏறியது. மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கியது.

அந்த உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். நார்ச்சத்துக் கணக்கைச் சரிக்கட்ட பானத்தில் கலந்துதான் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் அந்த உணவில் நார் குறைவு. மென்று தின்ன வேலையில்லாமல் வாயில் கரைவது, வயிறு நிறைந்தது மூளைக்கு எட்டுவதற்குள் உள்ளே போய்விடும். ஆகவே பிஸ்கட்டுக்குப் பதில் எதைக் கொடுத்தாலும், "இதை மெல்ல வேண்டியிருக்கிறதா?" என்று பாருங்கள். முழுக் கொய்யா பாக்கெட் ஜூஸைவிட மேல் என்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

பல் விஷயத்தில் சிப்ஸ், பிஸ்கட் மாவு மிட்டாயை விடக் குறைந்ததில்லை. கடைவாய்ப் பல் குழியில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் கிடக்கும். சாப்பிட்டதும் வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கள்.

அடுக்களைக்கணக்கு:
வாரம் ஒருமுறை செய்து வைக்க சுண்டலை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனா முறையா செய்யணும்.

கருப்புக் கொண்டைக்கடலை அரை கிலோ. ராத்திரி 8 - 10 மணி நேரம் ஊறணும், தண்ணி கடலைக்கு மேலே மூணு விரல் நிக்கணும். ஊறும்போதே ஒரு டீஸ்பூன் உப்பு போட்டா தோல் மெத்துனு ஆகும். கோடையில வெளியே வச்சா நுரை கட்டிப் புளிச்சுடும், ஃப்ரிட்ஜில் வைங்க. காலையில் தண்ணிய வடிச்சுட்டுப் புதுத் தண்ணி ஊத்தி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 15 நிமிஷம். போர் தண்ணி உப்பா, கடினமா இருக்கிற ஊர்ல எவ்வளவு விசில் விட்டாலும் கடலை மசியாது. அப்போ ஊற வைக்கிற தண்ணியில சமையல் சோடா ஒரு சிட்டிகை, வேக வைக்கும் முன்னாடி நல்லா அலசிடணும். மாங்காய், எலுமிச்சை எல்லாம் வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாடியே சேர்ந்தா கடலை விறைப்பாவே நின்னுடும்.

வெந்ததும் வடிகட்டித் தட்டுல பரப்பி நல்லா ஆற விடுங்க. ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு பிரிச்சு ஃப்ரீசர்ல வச்சா ஒரு மாசம் தாங்கும். சாயங்காலம் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு, கடலையைக் கொட்டி மூடி வச்சா அஞ்சே நிமிஷம். பச்சைப்பயறுக்கு விசில் ரெண்டுக்கு மேல விடாதீங்க, குழைஞ்சு கூட்டு ஆயிடும். ஸ்கூல் டப்பாவுக்குன்னா தேங்காய் வேண்டாம், வெயில்ல ஊசிடும். வறுத்த எள்ளுப்பொடி தூவுங்க.

அடுப்பே பத்த வைக்க முடியாத நாளுக்கு: பொரி 4 கப், பொட்டுக்கடலை அரை கப், வறுத்த வேர்க்கடலை அரை கப். பொரியை மட்டும் வெறும் வாணலியில் சின்னத் தீயில் 3 நிமிஷம் புரட்டி, முழுசா ஆறின பிறகு டப்பாவுல போடணும். சூட்டோட மூடினா மறுநாளே நமுத்துப் போகும். வேர்க்கடலையில சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சிடுங்க. பூஞ்சை பிடிச்ச கடலையில ஈரலைக் கெடுக்கிற அஃப்ளாடாக்சின் இருக்கும், வறுத்தாலும் முழுசாப் போகாது. அஞ்சு வயசுக்குக் கீழ் இருக்கிற பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்காதீங்க, புரை ஏறும்.

முறுக்கு கேட்டீங்களே. வீட்டு முறுக்கு அதீதப் பதப்படுத்தினது கிடையாது, அது வரைக்கும் மேல். ஆனா எண்ணெயில் பொரிச்சது, 100 கிராம் 500 கலோரியை ஒட்டி வரும். ரெண்டு முறுக்கோட டப்பாவை மேல எடுத்து வச்சிடுங்க. கடைச் சரக்குல சிக்கு வாடை அடிச்சா எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம், வாங்காதீங்க.

ஈரோட்டுக்காரி:
ரொம்ப நன்றிங்க. சின்னவன் சுண்டலைத் தொடவே மாட்டான். வயித்துல வாயு பிடிக்கும்னு மாமியாரும் சொல்றாங்க. பால்ல கலக்கற சத்து மாவு பவுடரை நிறுத்தணுமா?

உணவியல்_மதுரை:
வாயு உண்மைதான், பயறில் உள்ள சிலவகைச் சர்க்கரையைக் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைப்பதால் வருகிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் குறையும். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி மட்டும், பிறகு கூட்டுங்கள். குடல் பழகிவிடும்.

தொடாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். பிஸ்கட்டை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். நாலு பிஸ்கட்டை இரண்டாக்கி, பக்கத்தில் அவித்த கடலையோ வாழைப்பழமோ வையுங்கள். பசியோடு வரும்போது முதலில் இது, பிறகு பிஸ்கட். புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் காட்டிய பிறகே சில பிள்ளைகள் வாயில் வைக்கும்.

பவுடர் டப்பாவில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 30 கிராம் என்றால், 20 கிராம் பவுடரில் 6 கிராம், ஒரு டீஸ்பூனுக்கு மேல். வீட்டில் அதன்மேல் இன்னொரு ஸ்பூன் போடுவோம். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவின்கீழ் காட்டக் கூடாது என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. பாலோடு ராகிக் கஞ்சி போதும். 2 மேசைக்கரண்டி ராகி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைத் தூவினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக உருண்டை கட்டும், அந்த மாவு வாசனைக்காகவே பிள்ளைகள் கஞ்சியைத் தள்ளிவிடுகின்றன. 7 - 8 நிமிடம் கைவிடாமல் கிண்டி, மினுமினுப்பு வந்ததும் இறக்கிப் பால் சேருங்கள்.